முதலில் வழக்கை முடி! பிறகு ஓட்டுக் கேட்டு வா!



கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் தவணை தாண்டிப் போனால் நமக்கு என்ன பெயர்? பாக்கிதாரன். அந்தப் பாக்கிதாரன் சங்க நிர்வாகக் குழுத் தேர்தலில் நிற்க முடியுமா? முடியாது. மழை பொய்த்துப் போச்சு, பயிர் கருகிப் போச்சு, அதனால கட்ட முடியலைங்க என்று சொன்னால் எடுபடுமா? எடுபடாது. "முதலில் பாக்கியைக் கட்டு, ரசீதைக் காட்டு, அப்புறம் நில்லு" என்பதுதான் சட்டம். சரி, சங்கத்துப் பணம் ஊர்ப் பணம். பாக்கி வைத்தவன் கையிலேயே பெட்டிச் சாவியைக் கொடுக்கக் கூடாது என்ற நியாயத்தை நாமும் ஏற்றுக்கொள்கிறோம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். ஊர்ச் சங்கத்துக்கு இருக்கிற இந்த நியாயம் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஏன் இல்லை? லஞ்ச வழக்கு, சொத்துக் குவிப்பு வழக்கு, நில அபகரிப்பு வழக்கு, ஏன், கொலை வழக்கே இருந்தாலும், தீர்ப்பு வராதவரைக்கும் ஒருவர் தாராளமாகத் தேர்தலில் நிற்கலாம். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. லஞ்சம் போன்ற சில குற்றங்களுக்குத் தண்டனை கிடைத்தால் தகுதி போகும். மற்ற வழக்குகளில் இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை கிடைத்தால்தான் போகும். வழக்கு மட்டும் இருந்தால், அது ஒன்றானாலும் சரி, ஒன்பதானாலும் சரி, ஒன்றும் ஆகாது.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். விசாரணைக் கைதியாகச் சிறையில் கிடக்கிற ஏழைக்கு ஓட்டுப் போடும் உரிமை கிடையாது. ஆனால் அதே சிறையில் இருந்துகொண்டு தேர்தலில் நிற்கலாம்! 2013-ல் இதற்கென்றே சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் பஞ்சாபில் ஒருவரும் காஷ்மீரில் ஒருவரும் சிறையில் இருந்தபடியே ஜெயித்தார்கள். உள்ளே இருப்பவன் ஓட்டுப் போடக் கூடாது, ஓட்டு வாங்கலாம். இது எந்த ஊர் நியாயம்?

எல்லா வழக்கும் ஒன்றா?

இந்த இடத்தில் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி வரும். "உங்க சங்கத்துக்காரங்க மேலயும்தான் வழக்கு இருக்குது, நீங்க மட்டும் யோக்கியமா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஆமாம், இருக்கிறது. சாலை மறியல் செய்த வழக்கு, தாசில்தார் அலுவலகத்தை முற்றுகையிட்ட வழக்கு, தடையை மீறி ஊர்வலம் போன வழக்கு. அதற்காக நாம் வெட்கப்படவில்லை. 1970-ல் மின் கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் கூடிய விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்கு உயிரைக் கொடுத்தார்கள். அன்றைக்கு அரசாங்கத்தின் கணக்கில் அவர்களும் சட்டத்தை மீறியவர்கள்தான். இன்றைக்கு மோட்டார் கொட்டகையில் சுவிட்சைப் போடுகிற ஒவ்வொரு விவசாயியும் அவர்களுக்குக் கடன்பட்டவன்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2023 நவம்பரில் செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் 7 பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. தன் நிலத்தைத் தரமாட்டேன் என்று சொன்னவன் குண்டராம்! தமிழ்நாடே கேள்வி கேட்ட பிறகு 6 பேர் மீது போட்டதை முதலில் விலக்கிக்கொண்டார்கள்.

ஆகவே வழக்கு இருக்கிறது என்ற ஒன்றுக்காக யாரையும் தள்ள வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஊருக்காக ரோட்டில் உட்கார்ந்ததால் வந்த வழக்கு வேறு. ஊர்ச் சொத்தைத் தின்றதால் வந்த வழக்கு வேறு. பதரையும் நெல்லையும் பிரிக்கத் தெரியாதவர்களா நாம்? இரண்டையும் ஒரே முறத்தில் போட்டுக் குழப்புவது யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் கண் முன்னால் நடந்த கதை

தீர்ப்பு வரும் முன்னே ஜெயிக்க விட்டால் என்ன ஆகும் என்பதை எங்கேயோ போய்ப் படிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலேயே நடந்தது. எந்தக் கட்சியையும் இழிவுபடுத்த இதைச் சொல்லவில்லை. இறந்துபோன ஒருவரைத் திட்டவும் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறோம்.

1996-ல் முதலமைச்சர் பதவியை இழந்த ஜெயலலிதா மீது வரிசையாக வழக்குகள் வந்தன. 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி, ப்ளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஓராண்டு தண்டனை என்று தீர்ப்பு வந்தது. அன்றைக்கு என்ன நடந்தது? தருமபுரி இலக்கியம்பட்டியில், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்து மாணவிகள் கல்விச் சுற்றுலா போய்த் திரும்பிய பஸ்ஸுக்குக் கட்சிக்காரர்கள் தீ வைத்தார்கள். விவசாயம் படித்துக்கொண்டிருந்த மூன்று பெண் பிள்ளைகள் உயிரோடு எரிந்தார்கள். தலைவர் மீது வழக்கு, தலைவருக்குத் தண்டனை, வெந்து செத்தது யார் வீட்டுப் பிள்ளை? அந்த ஓட்டல் வழக்கில் 2001 டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுதலை செய்தது. தீ வைத்தவர்களில் மூன்று பேருக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனை 2016-ல் ஆயுளாகக் குறைந்தது. 2018 நவம்பரில் அவர்களும் வெளியே வந்துவிட்டார்கள். எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். அந்த மூன்று பிள்ளைகள் மட்டும் திரும்பவில்லை.

2000 அக்டோபரில் டான்சி நில வழக்குகளில் மூன்றாண்டு, இரண்டாண்டு என்று தண்டனை வந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் நான்கு தொகுதிகளில் போட்ட மனுக்களும் தள்ளுபடியாயின. ஆனாலும் கட்சி ஜெயித்தது. 2001 மே மாதம், எம்.எல்.ஏ. ஆகாமலேயே முதலமைச்சராகப் பதவி ஏற்றார். "மக்கள் தீர்ப்பே மகத்தான தீர்ப்பு" என்றார்கள். செப்டம்பர் 21-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு அந்தப் பதவியேற்பே செல்லாது என்று சொன்னது. பிறகு டிசம்பரில் டான்சி வழக்கிலும் உயர்நீதிமன்றத்தில் விடுதலை கிடைத்து, 2002-ல் ஆண்டிப்பட்டியில் ஜெயித்து மறுபடியும் முதலமைச்சரானார். 2003-ல் உச்சநீதிமன்றமும் அந்த விடுதலையை உறுதி செய்தது. ஆனால் நிலத்தை அரசாங்கத்திடமே திருப்பிக் கொடுக்கும்படியும் சொன்னது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கவனமாகக் கேளுங்கள்.

சொத்துக் குவிப்பு வழக்கு சென்னையில் நடந்துகொண்டிருந்தது. அரசு சாட்சிகள் ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்திருந்தார்கள். ஆட்சி மாறியது. வழக்கில் சிக்கியவரே முதலமைச்சர். அதற்குப் பிறகு 76 சாட்சிகள் மறு குறுக்கு விசாரணைக்குக் கூப்பிடப்பட்டார்கள். அதில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வக்கீல் அதைத் தட்டிக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? அந்த அரசு வக்கீலை நியமித்ததே புது அரசாங்கம்தானே! இதையெல்லாம் பார்த்துத்தான் 2003 நவம்பரில் உச்சநீதிமன்றம் அந்த வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது.

இதுதான் ஐயா நாம் சொல்ல வந்தது! வழக்கு நிலுவையில் இருக்கும்போதே ஒருவர் ஜெயித்துப் பதவிக்கு வந்தால், தன் வழக்கை நடத்துகிற போலீசுக்கு அவரே எஜமான். அரசு வக்கீலுக்கு அவரே எஜமான். சாட்சி சொல்ல வேண்டிய அதிகாரிக்கும் அவரே எஜமான். அப்புறம் வழக்கு எப்படி நேராகப் போகும்? மடைக்காரனே வாய்க்காலைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் எப்படி வரும்?

அந்த வழக்கில் 1997-ல் குற்றப்பத்திரிகை. பெங்களூரில் தீர்ப்பு வந்தது 2014 செப்டம்பர் 27. நடுவில் பதினேழு வருடம்! அதற்குள் ஆண்டிப்பட்டியில் இரண்டு முறையும் ஸ்ரீரங்கத்தில் ஒரு முறையும் ஜெயித்தாகிவிட்டது. நான்காண்டு சிறை, 100 கோடி அபராதம் என்றது தீர்ப்பு. 2015 மே மாதம் கர்நாடக உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. 2016 டிசம்பர் 5-ல் ஜெயலலிதா இறந்தார். அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போனது. 2017 பிப்ரவரி 14-ல் உச்சநீதிமன்றம் பெங்களூர்த் தீர்ப்பே சரி என்று சொல்லி மற்ற மூவரைச் சிறைக்கு அனுப்பியது. குற்றம் சாட்டப்பட்டவர் மறைந்த பிறகு வந்த கடைசித் தீர்ப்பால் ஓட்டுப் போட்ட மக்களுக்கு என்ன பயன்? குற்றவாளி என்றால் பதினேழு வருடம் நாம் ஏமாந்தோம். நிரபராதி என்றால் பதினேழு வருடம் அவர் பழி சுமந்தார். எப்படிப் பார்த்தாலும் இழுத்தடிப்பு அநியாயம்தான்.

மாட்டுத் தீவனத்தைத் தின்றவர்கள்

இது தமிழ்நாட்டுக் கதை மட்டுமில்லை, ஒரு கட்சிக் கதையும் இல்லை. பீகாரில் நடந்த மாட்டுத் தீவன ஊழல் நினைவிருக்கிறதா? கால்நடைத் துறையில் தீவனம் வாங்கியதாக, மருந்து வாங்கியதாகப் பொய் பில் போட்டு, அரசுக் கருவூலத்திலிருந்து சுமார் 950 கோடி ரூபாயைச் சுருட்டினார்கள். 1996-ல் வெளியே வந்தது. லாலு பிரசாத் 1997-ல் முதலமைச்சர் பதவியை விட்டார். யாரிடம் கொடுத்தார்? தன் மனைவியிடம்! வழக்குகள் நடந்துகொண்டே இருந்தன. அவர் 2004 முதல் 2009 வரை மத்திய ரயில்வே மந்திரியாகவும் இருந்தார். முதல் தண்டனை வந்தது 2013-ல். அப்போதுதான் எம்.பி. பதவி போனது. பதினேழு வருடம்! அதற்குள் நம் வீட்டில் எத்தனை தலைமுறை கன்று போட்டிருக்கும் என்று கணக்குப் பாருங்கள்.

வேட்பாளர்கள் தாங்களே எழுதிக் கொடுத்த பத்திரங்களை வைத்து ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் கணக்கெடுத்திருக்கிறது. 2004-ல் ஜெயித்த எம்.பி.க்களில் 125 பேர் மீது குற்ற வழக்குகள். 2024-ல் 543 பேரில் 251 பேர் மீது. இருபது வருடத்தில் இரட்டிப்பு. நெல்லுக்கு வேண்டாம், கரும்புக்கு வேண்டாம், இதுக்கு மட்டும் நல்ல மகசூல்! தமிழ்நாட்டிலும் 2021 தேர்தலில் ஜெயித்தவர்களில் 224 பேரின் பத்திரத்தைப் பார்த்ததில் 134 பேர் மீது வழக்கு இருந்தது. இதில் போராட்ட வழக்கும் சேர்ந்திருக்கும். அதனால்தான் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள், என்ன பிரிவு என்று பாருங்கள் என்கிறோம்.

அவர்கள் சொல்லும் சாக்குகள்

"எல்லாம் பொய் வழக்கு, பழிவாங்கும் வழக்கு" என்பார்கள். இருக்கலாம். அப்படியும் நடக்கிற நாடுதான் இது. பொய் வழக்கு என்றால் சீக்கிரம் முடிக்கச் சொல்லிக் கோர்ட்டில் கத்த வேண்டியவர் நீங்கள்தானே? வாய்தா மேல் வாய்தா கேட்பது ஏன்? 2ஜி வழக்கில் ஆ.ராசா 2014-ல் வழக்கு நடக்கும்போதே நீலகிரியில் நின்று தோற்றார். 2017 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மேல்முறையீடு போனது வேறு விஷயம். 2019-ல் அதே நீலகிரியில் நின்று ஜெயித்தார். ஒரு தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார், மக்களும் யோசித்து ஓட்டுப் போட்டார்கள். இதுதான் முறை. சீக்கிரம் தீர்ப்பு வந்தால் நிரபராதிக்கு ஏது நஷ்டம்?

"மக்கள் மன்றத்தில் ஜெயித்துவிட்டோம், அதுவே தீர்ப்பு" என்பார்கள். உங்கள் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் வரப்புத் தகராறு வருகிறது. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளக்க வேண்டுமா, ஊரைக் கூட்டிக் கை தூக்கச் சொல்ல வேண்டுமா? கை தூக்கித் தீர்ப்புச் சொன்னால் பங்காளி அதிகம் இருக்கிறவனுக்கே நிலம் போகும். ஒற்றை ஆளுக்கு வரப்பும் மிஞ்சாது. ஓட்டு என்பது யார் ஆள வேண்டும் என்று சொல்வதற்கு. திருடினானா இல்லையா என்று சொல்வதற்குக் கோர்ட் இருக்கிறது.

"வழக்கு இருந்தால் என்ன, நமக்கு நல்லது செய்றாரே" என்று நம்மவர்களே சிலர் சொல்கிறார்கள். இதைத்தான் நெஞ்சு வலிக்கக் கேட்கிறோம். கல்யாணத்துக்கு மொய் வைத்தார், கோயிலுக்கு மைக் செட் கொடுத்தார், ஓட்டுக்கு நோட்டும் கொடுத்தார். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கொள்முதல் நிலையத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் நம்மிடம் பிடுங்குகிறார்களே, பட்டா மாறுதலுக்கும் அடங்கலுக்கும் கை நீட்டுகிறார்களே, அந்தப் பணம் கீழேயே நின்றுவிடுகிறதா? மேலே போய், சுற்றி, தேர்தல் நேரத்தில் ஒரு நோட்டாகத் திரும்பி வருகிறது. நம் பணத்தில் நம்மையே விலை பேசுகிறார்கள்.

ஓட்டுக்கு எவ்வளவு பயப்படுவார்கள் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2003-ல் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரத்தை நிறுத்தினார்கள். மனுக் கொடுத்தோம், மறியல் செய்தோம், அசையவில்லை. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளும் கட்சிக் கூட்டணி தமிழ்நாட்டில் ஒரு இடம்கூட இல்லாமல் தோற்றது. உடனே இலவச மின்சாரம் திரும்பி வந்தது! பத்து வருட வாய்தாவுக்குப் பயப்படாதவர்கள் ஒரு நாள் ஓட்டுக்குப் பயப்படுகிறார்கள். அந்த ஆயுதத்தையா ஐநூறு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் விற்பது?

நம் கையில் என்ன இருக்கிறது?

2002, 2003-ல் உச்சநீதிமன்றம் கொடுத்த தீர்ப்புகளால் ஒரு உரிமை கிடைத்தது. ஒவ்வொரு வேட்பாளரும் தன் மீதுள்ள வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அது தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையில் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணைய தளத்திலும் இருக்கும். பொய் சொன்னாலோ மறைத்தாலோ ஆறு மாதம் வரை சிறை உண்டு.

2018-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. வழக்கு உள்ள வேட்பாளர் அதைப் பத்திரிகையிலும் டி.வி.யிலும் விளம்பரம் செய்ய வேண்டும். 2020 பிப்ரவரியில் இன்னும் ஒரு படி போனது. வழக்கு இல்லாத ஆளை விட்டுவிட்டு இவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சி காரணம் எழுத வேண்டும், "ஜெயிக்கக் கூடியவர்" என்பது காரணம் ஆகாது என்றது. பீகார் தேர்தலில் இதை ஒழுங்காகச் செய்யாத கட்சிகளுக்கு 2021-ல் ஒரு லட்சம், ஐந்து லட்சம் என்று அபராதமும் போட்டது. கட்சிகளுக்கு ஐந்து லட்சம் என்பது டீச் செலவு. ஆனால் அந்த விளம்பரத்தை நாம் படித்து நாலு பேருக்குச் சொன்னால் அது பெரிய செலவாக முடியும்.

ஆகவே தோழர்களே, நம்ம ஊர்ல படித்த பிள்ளைகளை வைத்து ஒவ்வொரு வேட்பாளரின் பத்திரத்தையும் எடுங்கள். டீக்கடையில், ஆலமரத்தடியில், நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் உரக்கப் படியுங்கள். மூன்று விஷயம் பாருங்கள். என்ன குற்றப் பிரிவு? கோர்ட் குற்றச்சாட்டைப் பதிவு செய்துவிட்டதா? எந்த வருடத்து வழக்கு? அப்புறம் வேட்பாளர் ஊருக்குள் வரும்போது ஆரத்தித் தட்டை எடுக்கும் முன்னால் கேளுங்கள்: "ஏனுங்க, இந்த வழக்கு இத்தனை வருஷமா ஏன் முடியலை? கடைசியா வாய்தா கேட்டது நீங்களா, அரசாங்கமா?" எந்தக் கட்சியாக இருந்தாலும் கேளுங்கள். நம்ம சாதிக்காரராக இருந்தாலும் கேளுங்கள். நம்ம சங்கத்தில் இருந்து போனவராக இருந்தாலும் விடாமல் கேளுங்கள்.

நமது கோரிக்கைகள்:

1. எம்.பி., எம்.எல்.ஏ. மீது குற்றச்சாட்டு பதிவான வழக்குகளை ஒரே வருடத்தில் முடிக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சொன்னதை அப்படியே நிறைவேற்று! வேட்பாளர்களின் வழக்குகளுக்கும் அதே கெடு வை!

2. ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றத்தில் கோர்ட் குற்றச்சாட்டைப் பதிவு செய்துவிட்டால் தேர்தலில் நிற்கத் தடை போடு! 2014-ல் சட்ட ஆணையம் 244-ஆவது அறிக்கையில் சொன்ன பரிந்துரை இது. மனுப் பரிசீலனைக்கு முந்தைய ஓராண்டில் பதிவானதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று, திடீர்ப் பொய் வழக்குக்குப் பாதுகாப்பும் அதிலேயே சொல்லியிருக்கிறது.

3. வழக்கில் உள்ளவர் பதவிக்கு வந்தால், அந்த வழக்கை உடனே அடுத்த மாநிலத்துக்கு மாற்று! அரசு வக்கீலை உயர்நீதிமன்றமே நியமிக்கட்டும்!

4. மண்ணுக்கும் தண்ணீருக்கும் விலைக்கும் போராடிய விவசாயிகள் மீதுள்ள வழக்குகளை வாபஸ் வாங்கு!

5. சிறு விவசாயியைப் பாக்கிதாரன் என்று சங்கத் தேர்தலில் தடுக்கிற சட்டமே, கோட்டைக்குப் போகிறவரிடமும் அதே கணக்கைக் கேள்!

விவசாயப் பெருமக்களே! விதை வாங்கப் போனால் முளைப்புத் திறன் என்ன என்று கேட்கிறோம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம். ஒரு வருட வெள்ளாமைக்கும் ஒரு சோடி மாட்டுக்கும் இவ்வளவு பார்க்கிற நாம், ஐந்து வருடம் நம்மை ஆளப் போகிறவரின் பத்திரத்தைப் பார்க்காமல் ஓட்டுப் போடலாமா?

வழக்கை முடித்துவிட்டு வரட்டும். நிரபராதி என்றால் மாலை போட்டு வரவேற்போம். அதுவரை நம் வாசலில் ஓட்டுக் கேட்காதே என்று சொல்லுவோம்!

ஊருக்காக நின்றவன் வழக்கு ஊரின் வழக்கு!
ஊரைத் தின்றவன் வழக்குக்கு ஊர் ஓட்டு இல்லை!
உழவர் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
விவசாயிகள் சங்கம்